திங்கட்கிழமையே ஸ்ட்ரைக்கா? முதலில் நோட்டீஸ் கொடுங்கள்

சகோதரி, 40 படுக்கை தனியார் மருத்துவமனையில் செவிலியர் வேலை, 12 மணி நேர நைட் டியூட்டி, மாதம் கையில் 11,000 ரூபாய். திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போகாமல் நிற்கலாமா என்று கேட்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 14 நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுக்காமல் நின்றால் அது சட்டவிரோத வேலைநிறுத்தம். நிர்வாகம் அதற்குத்தான் காத்திருக்கும்.

2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் செவிலியர் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதான், சரி. ஆனால் கேரளத்துச் செவிலியர்கள் போராடி 2018இல் அதை அரசாணையாகவே வாங்கினார்கள்.

அப்புறம், டியூட்டி ரோஸ்டரை இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வார்டில் தகராறு வந்த மறுநாளே புதுத் தாள் ஒட்டியிருந்தது. 28 நோயாளிகளை இரவெல்லாம் தனியாகப் பார்த்த என் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள்!