அவசரகாலத்தில் துண்டுப்பிரசுரம் அச்சிட்டால் குற்றமா?

கேள்வி: சிறிய அச்சகம் நடத்துகிறேன். அவசரகாலம் அமுலில் இருந்தபோது மாணவர் சங்கமொன்றின் கூட்டத்துக்குத் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தேன். "இராணுவச் சட்ட நேரத்தில் அனுமதியில்லாமல் எப்படி அடிப்பாய்?" என்று பொலிஸார் மிச்சப் பிரதிகளை எடுத்துச் சென்றுவிட்டனர். என்ன செய்யலாம்?

பதில்: இராணுவச் சட்டம் இலங்கையில் 1915 கலவரத்தின்போது பிரித்தானிய ஆளுநர் பிறப்பித்தது. உங்கள் விடயம் அதுவல்ல; அவசரகாலத்துக்கு வழிசெய்யும் 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அவசரகாலம் என்பதாலேயே அச்சிடுவது குற்றமாகாது. எந்த ஒழுங்குவிதி தடுக்கிறது என்று பொலிஸார் காட்ட வேண்டும். அதிவிசேட வர்த்தமானியை எடுத்து, துண்டுப்பிரசுரம் பற்றிய விதி உண்டா, அவசரகாலப் பிரகடனம் அன்று நடைமுறையில் இருந்ததா என்று பாருங்கள். பிரகடனத்தின் ஆயுள் ஒரு மாதம். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதுவும் இல்லை.

விதி இருந்தாலும் விவாதிக்க இடமுண்டு. பொலிஸ் மா அதிபரின் அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டவோ துண்டுப்பிரசுரம் விநியோகிக்கவோ கூடாது என்ற 28ஆம் அவசரகால ஒழுங்குவிதியை, ஜோசப் பெரேரா வழக்கில் 1987இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எதற்கு அனுமதி, எதற்கு மறுப்பு என்ற அளவுகோலே இல்லாமல் எல்லாவற்றையும் பொலிஸாரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அதனால் அரசியலமைப்பின் 12ஆம் (சமத்துவம்), 14(1)(அ) (பேச்சு, கருத்துச் சுதந்திரம்) உறுப்புரைகள் மீறப்பட்டன. ஆனால், புதிய வர்த்தமானியில் இதே போன்ற விதி மீண்டும் வந்தால், நீதிமன்றம் தீர்க்கும்வரை பொலிஸார் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். வாசலில் வைத்து வாதாடாதீர்கள்.

வாசகத்தையும் ஒருமுறை வாசியுங்கள். அரசை விமர்சிப்பது வேறு. வன்முறையையோ இனப் பகைமையையோ தூண்டினால் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டமும் (ICCPR சட்டம்) பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகாலம் இல்லாமலே பாயும். வீதியோரப் பெயர்ப்பலகையின் எழுத்தை அழிப்பதும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. பெயின்ற் வாளியோடு போகும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

இப்போது நாட்கள் கடந்துவிடாமல் பார்ப்பதே முக்கியம். எடுத்துச் சென்ற பிரதிகளுக்குப் பற்றுச்சீட்டு எழுத்தில் கேளுங்கள். துண்டுப்பிரசுரத்தில் ஒன்றையும் சங்கம் அச்சிடத் தந்த கட்டளைப் பத்திரத்தையும் (ஓடர்) பத்திரப்படுத்துங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கான ஆணைக்குழுவின் கடிதமும் மனுவோடு இருக்க வேண்டும்.