லேசர் புரையை மூடும்; முடியை யார் பார்ப்பது?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறான். வால் எலும்புப் பக்கம் கட்டி வந்து உடைந்து சீழ் வடிகிறது. ஆறினால் திரும்ப வருகிறது. மூலம் என்று நினைத்து ஃபார்மசியில் மருந்து வாங்கிப் போட்டான். ஈப்போவில் லேசர் செய்தால் மறுநாளே வேலைக்குப் போகலாம், மறுபடி வரவே வராது என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, மூலம் ஆசனவாயில் வருவது. தம்பிக்கு இருப்பது அதற்கு மேலே, பிட்டப் பிளவில். நீங்கள் எழுதியிருப்பது பைலோனிடல் சைனஸ் மாதிரி தெரிகிறது. ஆனாலும் நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். ஆசனவாய்க்குப் பக்கத்தில் புரையோடும் பௌத்திரமும் சில சமயம் இப்படி ஏமாற்றும்.

உதிர்ந்த முடி, வியர்வையிலும் உராய்விலும் அங்கே தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடும். சீழ் பிடித்துப் புரையோடும், அதாவது தோலுக்கடியில் குழாய் மாதிரி ஒரு வழி உண்டாகும். உடம்பில் முடி அதிகமுள்ள இளவயது ஆண்களுக்கு, அதிலும் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அதிகம் வரும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு வந்ததால் 'ஜீப் நோய்' என்றே பேர் வைத்தார்கள். தோட்டத்து மண் சாலையில் நாளெல்லாம் லோரியில் குலுங்குகிறவருக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது வீங்கி, சிவந்து, வலியோடு இருந்தால் லேசரைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதலில் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சீழ் அடங்கிய பிறகுதான் லேசர். தோலில் உள்ள சிறு துளைகளை அகலப்படுத்தி, உள்ளே கிடக்கும் முடியையும் அழுக்கையும் சுரண்டி எடுப்பார்கள். பிறகு மெல்லிய லேசர் இழையைப் புரைக்குள் விட்டு, சூடு கொடுத்தபடி மெதுவாக வெளியே இழுப்பார்கள். புரை உள்ளிருந்தே சுருங்கி மூடும். சுரண்டுவதை அவசரமாகச் செய்தால் லேசரால் பெரிய பயன் இல்லை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய முறையில் சதையை அகலமாக வெட்டித் திறந்துவிட்டால் புண் ஆற மாதக்கணக்காகும். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதிதான். என்றாலும் சில வாரம் நீர் கசியும். மேசை வேலைக்காரர் சில நாளில் திரும்பலாம். லோரிக்கு நான் இரண்டு வாரமாவது விடமாட்டேன்.

'வரவே வராது' என்பது விற்பனைப் பேச்சு. பத்துப் பேரில் ஒருவருக்காவது திரும்ப வருகிறது. வந்தால் மறுபடி லேசர் செய்யலாம். புரை பல கிளையாக ஓடியிருந்தால், சதையைத் திருப்பித் தைக்கும் அறுவை சிகிச்சையே நல்லது என்று சர்ஜன் சொல்லக்கூடும். அவர் பணம் பார்க்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒன்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: இந்த லேசர் முடியை அகற்றாது. முடி நீக்கும் லேசர் வேறு. புண் ஆறியபின் அதைச் செய்தால் திரும்ப வருவது குறையும். வசதி இல்லையென்றால் அந்த இடத்து முடியை அடிக்கடி மழிக்க வேண்டும், தினமும் குளிக்கும்போது கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். தலையில், முதுகில் உதிரும் முடியும் அங்கேதான் போய்ச் சேரும். சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், புண் ஆறத் தாமதமாகும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்குக் காட்டி, சர்ஜனுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். அந்த இடத்தைக் காட்டக் கூச்சப்பட்டுத்தான் பையன்கள் வருஷக்கணக்கில் மறைக்கிறார்கள். தம்பி ஆண் டாக்டரைக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.