பொறியியல் சமூகத்தை எப்படி மாற்றியது என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஐந்தாவது படிக்கும் பையனுக்கு இதற்காக ரோபோ கிட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள், தப்பில்லை, வாங்கிக் கொடுத்தவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அதில் பையன் மோட்டாரைத்தான் கற்றுக்கொள்வான். சமூகம் மாறியது புரிய வேண்டுமென்றால் மாறிப்போன ஒரு ஊரைக் காட்ட வேண்டும். எனக்கு அது என் சொந்த ஊர், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம்.

போன வருடம் என் மகளின் பள்ளியில் கிட்டத்தட்ட இதே தலைப்பில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். நான் அவளை பைக்கில் ஊருக்குக் கூட்டிப்போய் புது ஆற்றுக் கரையில் நிறுத்தினேன்.   

புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையும் அதுவும் 1934-ல் வந்தவை. மேட்டூரில் தேக்கும் காவிரித் தண்ணீர்தான் கல்லணையில் பிரிந்து, தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஏரி நிறைந்தால்தான் நெல், இல்லாவிட்டால் வரகும் கேழ்வரகும்தான் என்று என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொல்லும். ஆறு வந்தபோது அப்பாயிக்குப் பன்னிரண்டு வயதாம். அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், ஆற்றுப் பாசன ஊர்க்காரர்கள் எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்களாம். தண்ணீர் வந்து பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தப் பேச்சே போய்விட்டது, அறுவடைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் நம்மூர் தேடி வந்தார்கள் என்று சொல்லும்போது அப்பாயியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை அப்படியே மகளிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ மேட்டூர்ல தண்ணி நின்ன இடத்துல யார் இருந்தாங்க?"

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். அந்தக் கேள்வி ரோபோவைப் பார்த்து வராது. அங்கே ஊர்கள் இருந்தன, எல்லாரையும் கிளப்பித்தான் தண்ணீரைத் தேக்கினார்கள். அணையில் நீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் இன்றைக்கும் வெளியே தெரியும். போனில் படம் காட்டினேன். வீடு வரும்வரை அவள் பேசவே இல்லை. நம் தட்டில் விழுந்த சோற்றுக்கு யாரோ வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள் என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது, கனமான விஷயம் என்று மறைக்க வேண்டியதில்லை.

அப்புறம் கல்லணைக்கும் போனோம். பாறையைத் தேடாமல், ஆற்று மணலிலேயே பெருங்கற்களைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே அடுக்கிக்கொண்டே வந்த வேலை அது. மணலில் அஸ்திவாரம் போடும் இந்த வித்தையை இங்கே பார்த்துக் கற்றுத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தில் மேலணை கட்டினார், பிறகு ஆந்திராவில் கோதாவரியின் தவளேஸ்வரம் அணைக்கட்டுக்கும் அதையே கொண்டுபோனார். வெள்ளைக்காரனைப் புகழ்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், கற்றுக்கொடுத்தது கரிகாலன் காலத்துக் கைகள் என்றுதான் சொல்கிறேன்.

மகள் களிமண்ணில் ஆறு, மதகு, ஷட்டர், ஒரு ஓரத்தில் பாதி முழுகிய நந்தி என்று மூன்று நாள் உட்கார்ந்து செய்தாள். "வாய்க்கால் எல்லாம் இன்ஜினியரிங்கா? வேற மாடல் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிசு கடையில் வாங்கிய தெர்மாகோல் காற்றாலைக்குப் போனது. அந்தப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி அதே புது ஆறுதான் ஓடுகிறது. ஆசிரியர்களுக்கு எவ்வளவு வேலைச்சுமை என்று எனக்குத் தெரியும், என் அக்காவும் ஆசிரியைதான். ஆனாலும் அன்று அவள் அந்த நந்தியை மட்டும் பிய்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் சென்னையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் குழாயைத் திறந்து இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பையனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புழல், செம்பரம்பாக்கம் என்று வருவான். இன்னும் தோண்டினால் வீராணம் ஏரி வரும், 2004 முதல் அங்கிருந்து குழாயில் வருகிறது. வீராணத்துக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு என்ற வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. அந்தக் கீழணையும் காட்டன் கட்டியதுதான். லீவில் ஒரு நாள் கீழணை இருக்கும் அணைக்கரைக்குக் கூட்டிப்போங்கள், அணையின் மேலேயே ரோடு போகிறது, இறங்கி நின்று பார்க்கலாம்.