போர்டைப் பார்த்தால் புரிகிறது, ரூமுக்குப் போனால் புரியவில்லை

கேள்வி: தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கடந்த பருவத்தில் மாணவர் கருத்துப் படிவத்தில் எனக்கு 5க்கு 4.6 வந்தது. ஆனால் மின்காந்தவியல் அகமதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பில் பாதிப் பேருக்குமேல் தேறவில்லை. பெயர் எழுதாத ஒரு படிவத்தில், 'மேம் நல்லா நடத்துறாங்க, போர்டைப் பார்த்தா புரியுது, ரூமுக்குப் போனா ஒண்ணும் புரியல' என்று இருந்தது. ஒரு வாரம் தூக்கம் இல்லை. இதற்கிடையில் முதல்வர் சுயமதிப்பீட்டு அறிக்கை கேட்கிறார். எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதிக் கொடுத்துவிடலாமா? உண்மையிலேயே என்னைத் திருத்திக்கொள்ள வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஒற்றை வரிதான் 4.6ஐவிடப் பயனுள்ளது என்பேன். அந்த எண், மாணவர்களுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது சிறிய விஷயம் அன்று. ஆனால் புரிதல் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதை அந்த வரி மட்டுமே சொல்கிறது: நீங்கள் போர்டில் போடும்போது இருக்கிறது, தானே போட உட்காரும்போது இல்லை.

இந்த அனுபவம் பெரிய இடங்களிலும் நேர்ந்திருக்கிறது. ஹார்வர்டில் 1984 முதல் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூருக்கு மாணவர்கள் உயர்ந்த மதிப்பெண்ணே கொடுத்துவந்தார்கள். கடினமான கணக்குகளையும் அவர்கள் போட்டார்கள். எளிய அடிப்படைக் கேள்விகளில் கல்லூரி மாணவர்கள் தடுமாறுவதாக அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 1985இல் எழுதியதைப் பின்னாளில் படித்த அவர், தம் மாணவர்களுக்கு அப்படி நேராது என்று நம்பி அந்தச் சோதனையைத் தம் வகுப்பிலும் வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். மின்சுற்றிலும் அதே கதைதான். எண்களைக் கொடுத்து மின்னோட்டத்தைக் கணக்கிடச் சொன்னால் போட்டுவிடுகிறவர்கள், எண்ணே இல்லாமல், சுவிட்சை மூடினால் எந்த விளக்கு அணையும், எது கூடுதலாக எரியும் என்று கேட்டால் விழித்தார்கள். மஸூர் பாடம் நடத்தும் முறையையே மாற்றியது அதற்குப் பிறகுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெப்ப இயக்கவியல் எடுத்த காலத்தில், என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, கலைந்து கிடக்கும் புத்தக அலமாரியைப் போல என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன்; வகுப்பு சிரிக்கும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஓராண்டு, மொத்த என்ட்ரோபி குறையாது என்னும் இரண்டாம் விதியை வைத்து, 'நீர் பனிக்கட்டியாக உறைவது இரண்டாம் விதிக்கு முரணானதா?' என்று தேர்வில் கேட்டேன். வரிசையாக எல்லாத் தாளிலும், ஒழுங்கு கூடுவதால் அது விதிவிலக்கு என்று எழுதியிருந்தார்கள். முதல் பத்துத் தாள்களில் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டே போனேன். பதினைந்தாவது தாளில் என் அலமாரி அப்படியே இருந்தது. உறையும்போது வெளியேறும் வெப்பம் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியைக் கூட்டுகிறது என்பதை, அலமாரி தந்த கைதட்டலில் நான் சொல்லாமலே விட்டிருந்தேன். அவர்கள் என்னைக் கவனமாகவே கேட்டிருந்தார்கள். எழுதிய 'கவனக்குறைவு'களை அடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

ஆகவே, திருத்திக்கொள்வதை உங்கள் குணத்திலிருந்து தொடங்காதீர்கள், விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள். 'நான் நல்ல ஆசிரியரா?' என்ற கேள்வி இரவில் விழிக்க வைக்குமே தவிர மறுநாள் காலை வகுப்புக்கு உதவாது. தேறாதவர்களின் தாள்களை மீண்டும் எடுத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல், எந்த வரியில் தடம் மாறினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். ஒரே இடத்தில் இருபது பேர் தடுக்கி விழுந்திருந்தால் அங்கே கல்லைப் போட்டது அநேகமாக நாமாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஒரு நோட்டு. தொழில் செய்கிறவர் செய்யும்போதே யோசிப்பதையும், செய்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பதையும் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்டு ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்கும் நமக்கு முதலாவது எப்படியோ நடந்துவிடுகிறது. இரண்டாவதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு வகுப்பைப் பற்றி அரைப்பக்கம் போதும். ஆனால் 'இன்று வகுப்பு நன்றாகப் போயிற்று' என்று எழுதினால் அது நாட்குறிப்புக்கூட ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'மின்புலத்துக்கான காஸ் (Gauss) விதி. மூன்றாம் பெஞ்சு மாணவி, ஏன் மேம் இங்கே உருளை எடுக்கிறோம், கோளம் எடுத்தால் என்ன என்று கேட்டாள். சமச்சீர் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.' நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு, காரணத்தை இரண்டு நாள் கழித்து யோசியுங்கள். அன்றே யோசித்தால் நமக்குச் சாதகமான காரணம்தான் கிடைக்கும்.

வகுப்பின் சம்மதத்தோடு ஒரு மணி நேரத்தை உங்கள் செல்போனில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். 'புரிஞ்சுதா?' என்று எத்தனை முறை கேட்கிறீர்கள், கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தாலே விடைகள் நீண்டு, பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். அவர் கண்டது பள்ளி வகுப்புகளில். நம் கல்லூரி வகுப்புகள் அதைவிடப் பொறுமையானவை என்று நான் நினைக்கவில்லை. 'புரிஞ்சுது மேம்' என்று வரும் கோரஸ் பெரும்பாலும் மரியாதை. அதிலும், பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் பாடநூலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, புரியவில்லை என்று அறுபது பேர் நடுவே எழுந்து சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. கடைசி ஐந்து நிமிடம் பெயரில்லாத துண்டுச்சீட்டில் 'இன்று குழம்பிய இடம்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். மறுவகுப்பை அதிலிருந்தே தொடங்குங்கள். சீட்டுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டால் மூன்றாம் வாரம் வெற்றுத்தாள்தான் வரும்.

சக ஆசிரியர் ஒருவரைக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரச் சொல்வதும் நல்லது. துறைத்தலைவர் வேண்டாம், அவர் வந்தால் அது ஆய்வாகிவிடும். உங்கள் வகுப்புக்கு அவர், அவர் வகுப்புக்கு நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு துறைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. பாடம் தெரியாததால் எங்கே விட்டுப்போயிற்று என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

இனி அறிக்கை. 2018ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகளின்படி பதவி உயர்வுக்கு வகுப்பு, பயிற்சி, ஆய்வு எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பு வேறு, உங்கள் நோட்டு வேறு. இரண்டையும் கலந்தால், நாளை யாரோ படிப்பார்கள் என்ற நினைப்பில் நோட்டில் பொய் நுழைந்துவிடும். அதற்காக ஊரார் எழுதுவதையே எழுதவும் வேண்டாம். இந்தப் பருவத்தில் நீங்கள் மாற்றிய ஒன்றையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த விடைத்தாள்களில் கண்ட வேறுபாட்டையும் ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள். புத்தாக்கப் பயிற்சிக்கு மாளவியா மிஷன் மையம் எதற்கேனும் போனால், சான்றிதழுக்காக மட்டும் போகாமல், நோட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். தேநீர் இடைவேளையில் வேறு கல்லூரிக்காரர் ஒருவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கணக்கை வழக்கம்போல் போர்டில் போடுங்கள். முடித்ததும் போர்டை முழுக்கத் துடைத்துவிட்டு, நோட்டை மூடி வைத்து அதே கணக்கைத் தாங்களே போடச் சொல்லுங்கள். சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல், பத்து நிமிடம் பெஞ்சுகளுக்கிடையே நடந்து வாருங்கள். அந்தப் படிவம் சொன்ன 'ரூம்' உங்கள் கண்முன்னே இருக்கும்.