தோலில் பூ எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயினுக்கு அனுப்பும் தோல் பட்டியலை ஸ்பானிஷில் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ‘ஃபுல் கிரெய்ன்’ என்ற தோல் வகைக்கு அகராதியைப் பார்த்து ‘க்ரானோ’ என்று போட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களின் பட்டியல்களில் ‘ஃப்லோர்’ என்று இருக்கிறது. ஃப்லோர் என்றால் பூ அல்லவா? எதை எழுதுவது?

வாசகி, பேரணாம்பட்டு

அன்புள்ள சகோதரி,

‘ப்ளேனா ஃப்லோர்’ என்று எழுதுங்கள். அதுதான் சரி. க்ரானோ என்றால் தானிய மணி. முகப்பருவுக்கும் ஸ்பானிஷில் அதே சொல்தான். தோல் வாங்க வருகிறவர் கண்ணில் அது படவே கூடாது.

கிரெய்ன் என்ற ஆங்கிலச் சொல் கோதுமை மணியையும் குறிக்கும், சுமார் 65 மில்லிகிராம் கொண்ட பழைய எடையையும் குறிக்கும், மரத்தின் ரேகையையும் குறிக்கும். மர ரேகைக்கு ஸ்பானிஷில் ‘வேத்தா’ என்று தனிச் சொல் இருக்கிறது. தோலுக்கு வந்தால் ஃப்லோர். பூ என்பதோடு மேற்பரப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘அ ஃப்லோர் தெ அக்வா’ என்றால் நீர்மட்டத்தில் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்களும் தோலின் மேல்பக்கத்தைப் பூ என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த மேல்பக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. சுண்ணாம்பில் ஊறி முடி போன ஆட்டுத்தோலில் மயிர்க்கால் துளைகள் தெரியுமே, அந்தப் பரப்பு. அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் ஃபுல் கிரெய்ன். கீறலும் உண்ணி கடித்த தடமும் மறையும்படி பஃபிங் போட்டு, அதாவது மேற்பரப்பைத் தேய்த்து, பூச்சு கொடுத்து, பிளேட்டில் அழுத்தினால் கரெக்டட் கிரெய்ன்; ஸ்பானிஷில் ‘ஃப்லோர் கொர்ரெஹீதா’. இரண்டுக்கும் விலையே வேறு. ஒன்றை எழுதி இன்னொன்றை அனுப்பினால் சரக்கு திரும்பி வரும். மேற்பரப்பு கெடாமல் தோலைக் கொண்டுவர உங்கள் ஆட்கள் படும் பாடு பெரிது. அந்த உழைப்புக்கு உரிய பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பெபிள் கிரெய்ன்’ என்று ஒரு வரி வந்தால் அங்கே ஃப்லோர் போடாதீர்கள். அது பரப்பைப் பற்றிய பேச்சல்ல, பொடிக்கல் போட்டதுபோன்ற மேடுபள்ளத்தைப் பற்றியது. அதற்கு ‘க்ரானுலாதோ’. க்ரானோவின் உறவுக்காரச் சொல் இங்கே மட்டும் பொருந்துகிறது. ஒரே தொழிலுக்குள் ஒரே ஆங்கிலச் சொல் இப்படி இரண்டாகப் பிரிவதைச் சாதாரண அகராதியில் தேடிப் பயனில்லை. மாதிரித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபினிஷிங் மேஸ்திரியிடம் போய், இது பஃபிங் போட்டதா, பிளேட் போட்டதா என்று கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.

அப்புறம், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் நீங்கள் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், ‘லாஸ்ட்’ என்ற சொல்லில் கவனம். ‘கடைசி’ என்று பொருள்படும் ‘உல்திமோ’ அங்கே வராது. ஷூவை ஏற்றித் தைக்கும் அச்சுக்கு ஸ்பெயினில் எல்ச்சே, எல்தா பக்கத்து ஷூக்காரர்கள் சொல்வது ‘ஓர்மா’.

சந்தேகமான வரிகள் இன்னும் இருந்தால், துண்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.