எஞ்சினில் காற்றுக் கசிவும் புகைக் கசிவும்: கேள்வி பதில்

கேள்வி: கார் நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடும்போது (ஐடிலிங்) அது நடுங்குகிறது. சில சமயம் அணைந்தும்விடுகிறது. கார் நகரும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்பார்க் பிளக் மாற்றியும் பயனில்லை. எங்கே தேடுவது?

பதில்: ஐடிலிங்கில் மட்டும் தகராறு, வேகத்தில் சரி என்றால் என் முதல் சந்தேகம் வேக்குவம் கசிவுதான்; எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் (இன்டேக்) ஓட்டை வழியே வெளிக்காற்று புகுவது அது. ஐடிலிங்கில் த்ராட்டில் (உள்ளே வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை அப்போது மிக அதிகம். எஞ்சினுக்குத் தேவையான காற்றோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஒரு விரிசல் வழியே கணக்கில் வராத காற்று புகுந்தால், எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் குலைந்துவிடும். த்ராட்டில் திறந்ததும் பாய்ந்து வரும் காற்றின் முன்னால் அந்தக் கசிவு பொருட்டே இல்லை.

முதலில் கையால் தடவிப் பாருங்கள். பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ் (பிரேக் மிதியை லேசாக்கும் கருவிக்குப் போகும் குழாய்) இரண்டின் வளைவுகளிலும் அடிப்பக்கத்திலும்தான் ரப்பர் வெடிக்கும்; மேலே இருந்து பார்த்தால் புதியது போலவே இருக்கும். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் மடிப்புக் குழாயை விரித்துப் பாருங்கள். எஞ்சின் அசையும்போது மட்டும் வாய் திறக்கும் விரிசல் அந்த மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். பிறகு இன்டேக் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் வைக்கும் அடைப்பு), இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்) ஓ-ரிங் இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: காரின் கோளாறுக் குறியீடு படிக்கும் ஸ்கேனரில் பி0171 வருகிறது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். முதல் வரிசை சிலிண்டர்களில் கலவை மெலிந்திருக்கிறது (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். அதைக் கண்டு சொன்ன சென்சாரையே கழற்றி எறிவது வீண் செலவு. அதே ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும் சதவீதம்) அளவைப் பாருங்கள். ஐடிலிங்கில் +20 சதவீதம் காட்டி, 2500 ஆர்.பி.எம். வைத்ததும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் வேக்குவம் கசிவு. மாறாக, சுமை கூடக் கூட டிரிமும் ஏறினால் பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறியிருந்தாலும் அப்படி ஏறலாம்.

கேள்வி: என் வண்டியிலும் அதே குறியீடு. ஆனால் இன்டேக் பக்கம் புகைச் சோதனையில் (புகையை உள்ளே செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது) ஒரு கசிவும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்ற சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது. டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) என்கிறார்கள்.

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பலரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு இது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் பழுதோ இருந்தால் குளிரில் சத்தம் வரும். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதும் அடங்கிவிடும். புகைதானே வெளியேறும், குறியீடு எப்படி வரும் என்று தோன்றலாம். எக்ஸாஸ்ட் புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் சற்றுத் தாழும். அப்போது ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போகும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் அப்படி நடந்தால், கலவை மெலிந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். குறியீடு ‘மெலிவு’ என்னும். ஸ்பார்க் பிளக்கோ பெட்ரோல் கூடிப்போனதால் கரி படிந்திருக்கும். இந்த முரண்பாட்டைக் கண்டால் இன்டேக்கை விட்டுவிட்டு எக்ஸாஸ்டைப் பாருங்கள்.

டேப்பெட்டா என்று அறிய, சிலிண்டர் ஒவ்வொன்றாக இன்ஜெக்டர் கனெக்டரைச் சற்று நேரம் கழற்றிப் பாருங்கள். அந்தச் சிலிண்டர் எரியாதபோது சத்தம் அடங்கினால் எக்ஸாஸ்ட் கசிவுதான். ஃபிளாஞ்ச் (போல்ட் இட்டு இணைக்கும் விளிம்பு) ஓரத்தில் கருங்கோடு போல் புகைக்கரி இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வேக்குவம் கிளீனரின் ஊதும் வாயைச் சைலன்சர் முனையில் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஓடும் எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் கசிவு கண்டுபிடிக்கலாமா?

பதில்: பலர் செய்கிறார்கள், நான் செய்ய விடமாட்டேன். அந்தத் திரவம் சூடான மேனிஃபோல்டிலோ ஒரு மின்பொறியிலோ பட்டால் பற்றிக்கொள்ளும். அதற்குப் பதில் சோப்பு நீரைத் தெளியுங்கள், மின் இணைப்புகளில் படாமல். கசிவு உள்ள இடத்தில் நீர் உறிஞ்சப்படும், எஞ்சின் ஓட்டமும் ஒரு கணம் மாறும். நம்பகமான வழி புகைச் சோதனைதான். அதற்கு 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அளவு அழுத்தமே போதும். கம்ப்ரசர் காற்றை நேரடியாக விட்டால் நல்ல சீல்களும் கெட்டுவிடும்.

கேள்வி: வேக்குவம் கேஜ் (இன்டேக்கின் உறிஞ்சுவிசையை அளக்கும் கருவி) 15 அங்குலம் காட்டுகிறது. கசிவா?

பதில்: கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும், முள்ளும் அசையாது. உயரம் 1000 அடி கூடினால் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும்; மலைப்பகுதியில் 15 இயல்பே. சமவெளியில் முள் அசையாமல் 15-இல் நின்றால் கசிவையும் டைமிங் (பொறி எழும் நேரம்) பின்தங்கியதையும் சந்தேகியுங்கள். 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்திருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் எக்ஸாஸ்ட் அடைப்பு.

கேள்வி: எக்ஸாஸ்ட் கசிவோடு சில வாரம் ஓட்டலாமா? சத்தம் தொந்தரவாக இல்லை.

பதில்: ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. எஞ்சின் பக்கத்திலிருந்தோ தரைக்கு அடியிலிருந்தோ அது வண்டிக்குள் வரலாம். பயணத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி வெளியே இறங்குங்கள். சோதனையையும் மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: வேக்குவம் கேஜ் பகுதி பொருந்தாது. பிரேக் பூஸ்டருக்கான உறிஞ்சுவிசையைப் பெரும்பாலும் தனிப் பம்ப் தருகிறது. டர்போ டீசலில் இழுவை குறைந்து கரும்புகை வந்தால், டர்போவுக்கும் இன்டேக்குக்கும் இடையிலுள்ள ஹோஸ்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இணைப்பை முதலில் கழற்றிப் பாருங்கள்.