புனலூர் சீட்டைத் தென்காசியிலும் காட்டுங்கள்

கேள்வி: நாங்கள் செங்கோட்டை. அம்மாவுக்கு வயது 64. மனச்சோர்வுக்காக எட்டு மாதமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார். ஊரில் தெரிந்துவிடும் என்றுதான் மலை தாண்டிக் கேரளப் பக்கம் புனலூரில் காட்டுகிறோம். போன வாரம் மூட்டுவலிக்குத் தென்காசியில் டிரமடால் கலந்த மாத்திரை எழுதினார்கள். மற்ற மாத்திரையைப் பற்றி அங்கே சொல்லவில்லை. இருமலுக்கு மெடிக்கலில் ஒரு சிரப்பும் வாங்கினேன். இன்னும் எதையும் கொடுக்கவில்லை. சேர்த்துக் கொடுக்கலாமா? மனநல மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தட்டுமா?

பதில்: கொடுக்காமல் கேட்டது நல்லது. டிரமடாலையும் சிரப்பையும் ஒதுக்கி வையுங்கள். எஸ்சிட்டலோபிராமை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றும், தூக்கம் கெடும், பழைய சோர்வும் திரும்பலாம்.

எஸ்சிட்டலோபிராம் மூளையில் செரடோனின் என்ற பொருளைக் கூட்டித் தருகிறது. டிரமடால் வலி மாத்திரைதான், ஆனாலும் செரடோனினை அதுவும் கூட்டும். பல இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் அப்படியே. மூன்றும் சேர்ந்தால் அளவு மீறலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: கை நடுக்கம், கொட்டும் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, கால் தானாக வெட்டி இழுப்பது. முற்றினால் கடும் காய்ச்சலும் குழப்பமும். டிரமடாலோடு வலிப்பும் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான்.

சரி, வலிக்கு டைக்ளோபினாக் போடலாமா என்றால், அதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். எஸ்சிட்டலோபிராம் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் குறைக்கும், டைக்ளோபினாக் வயிற்றைப் புண்ணாக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்கு வேறு மாத்திரை எழுதும்வரை, கல்லீரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் போதும். அம்மாவுக்குப் பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? அதையும் சொல்லுங்கள். இந்த வயதில் அதுவும் எஸ்சிட்டலோபிராமும் சேர்ந்து ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆளை மந்தமாக்கலாம். வயதாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம்.

மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரையைப் பேப்பர் கவரில் போட்டுத் தருவார்கள். மருந்தின் பெயர் இருந்த துண்டு கடையிலேயே நின்றுவிடும். முழு அட்டையாகக் கேளுங்கள், முடியாவிட்டால் கவரில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே போனாலும் அதை எடுத்துப் போங்கள்.

ஊர் வாய்க்கு அம்மா பயப்படுவது எனக்குப் புரிகிறது. டாக்டரிடம் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக் காலையில் தென்காசி டாக்டரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "எஸ்சிட்டலோபிராம் பத்து, தினமும் ஒன்று சாப்பிடுறாங்க. இதோ அட்டை."